நாய்க்குட்டியும் ஓர் அமானிதம்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் நம்மவர்களின் ஜீவனம் பலவிதமாக அமைந்துள்ளது. நகரத்தில் தோல் வியாபாரமும் தோல் ஷாப் வேலையும் உண்டு. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் முருங்கையும் கடலையும் பயிரிடுவோர் இருக்கிறார்கள். ஆடு வளர்த்து, வியாழக்கிழமைதோறும் கூடும் அய்யலூர்ச் சந்தைக்கு ஓட்டிச் செல்வோரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கவலை இரவுக் காவல். பட்டியில் ஆடு களவு போகிறது. சிறுமலை அடிவாரத் தோட்டங்களில் பன்றி இறங்கி, விடிவதற்குள் பாத்தியை உழுதுவிட்டுப் போகிறது. ஆகவே, ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து வளர்த்தால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. கூடவே, "ஹஜ்ரத், தொழுகிற வீட்டில் நாய் வளர்க்கலாமா?" என்ற கேள்வியும் எழுகிறது.

கேள்வி நியாயமானதே. ஆனால் அது பாதிக் கேள்விதான். வளர்க்கலாமா என்று கேட்பவர் பலர். வளர்க்கத் தொடங்கிய பின் அந்த ஜீவனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்பவர் மிகச் சிலர். முதல் கேள்விக்கு விடை தேடிச் செல்பவர் இரண்டாவது கேள்விக்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

அனுமதியின் எல்லை

கால்நடைக் காவல், வேட்டை, விளைநிலக் காவல் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் அளவு குறைந்துவிடும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இரண்டு கீராத் என்ற அறிவிப்பும் உண்டு. திருட்டுப் பயமுள்ள இடத்தில் வீட்டைக் காப்பதற்காக வளர்ப்பதையும் இவற்றோடு ஒப்பிட்டு இமாம்கள் அனுமதித்துள்ளனர். நாய் உள்ள வீட்டினுள் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்றும் ஹதீஸில் வந்திருப்பதால், தேவைக்கு வளர்ப்பவரும் அதன் இருப்பிடத்தை வீட்டுக்கு வெளியே, தொழுவத்திலோ தோட்டத்திலோ அமைத்துக்கொள்வதே பேணுதல். எனவே அழகுக்காகவும், அண்டை வீட்டார் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காகவும் நாய் வளர்க்க ஷரீஅத்தில் இடமில்லை. பனிநாட்டுக்கென்று அமைந்த அடர்ந்த ரோமமுள்ள நாயைப் பல ஆயிரம் கொடுத்து வாங்கி, நம் சித்திரை வெயிலில் மூச்சிரைக்க விடுவது வீண் விரயம் மட்டுமல்ல, வதையும் ஆகும். காவல் வேண்டுமென்றால் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நாட்டு இனங்கள் இருக்கின்றன. கோம்பை என்ற ஊரே நமக்குப் பக்கத்துத் தேனி மாவட்டத்தில்தான் உள்ளது. ராஜபாளையம் நாயின் படம் 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. கிடைக்காரரிடம் கிடைக்கும் பெயரில்லாத நாட்டுக் குட்டியும் காவலுக்குப் போதுமானதே.

இங்கே ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு நுட்பமான வினாவை எழுப்பியுள்ளார்கள். காவலுக்குத்தான் அனுமதி என்றால், குட்டி காவல் காப்பதில்லையே! திருடன் வந்தால் அதுவே அவன் காலடியில் போய் வாலை ஆட்டும். அப்படியிருக்க, குட்டியை வளர்க்கலாமா? இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் இதைப் பரிசீலித்து, மேற்சொன்ன தேவைகளுக்காகப் பழக்கும் நோக்கத்துடன் குட்டியை வளர்ப்பது கூடும் என்பதையே சரியான சொல்லாக எடுத்துரைத்தனர். இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். குட்டிக்குக் கிடைத்த அனுமதி அது இன்று செய்யும் வேலைக்காக அல்ல. நாளை அது ஆகப்போவதற்காக. அதை அவ்வாறு ஆக்கும் பொறுப்பு நம்முடையது. பழக்கும் எண்ணமே இல்லாமல் குட்டியைக் கொண்டுவந்து, கொஞ்ச நாள் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் பின் மறந்துவிடுவோமானால், அனுமதிக்குரிய காரணத்தையே நாம் கைவிட்டவர்களாகிறோம்.

நஜீஸ் வேறு, இழிவு வேறு

நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபையும், கடலோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபையும் பின்பற்றுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் கடும் நஜீஸ். ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். உலர்ந்ததில் உலர்ந்தது பட்டால் கழுவ வேண்டியதில்லை. ஹனஃபி மத்ஹபின் ஏற்றமான சொல்படி நாயின் உடல் நஜீஸ் அல்ல, அதன் எச்சில் நஜீஸ். மூன்று முறை கழுவினால் போதும், ஏழு முறை கழுவுவது விரும்பத்தக்கது. மாலிகீ மத்ஹபில் எச்சிலும் சுத்தமானதே. பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கம் என்பது அவர்கள் கொள்கை. அவரவர் தம் மத்ஹபுப்படி பேணிக்கொள்ளட்டும். குட்டிக்குத் தனித் தட்டு, தனிச் சாக்கு, தனி இடம் என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டால் இந்தப் பேணுதல் சிரமமானதல்ல.

ஆனால் நம்மில் சிலர் இச்சட்டத்தை வேறு விதமாக விளங்கி வைத்திருக்கிறார்கள். நஜீஸ் என்றால் கேவலம்; கேவலமென்றால் கல்லால் அடிக்கலாம், பசியில் கிடந்தாலும் பார்த்துக்கொண்டு போகலாம் என்று எண்ணுகிறார்கள். மதரஸாவுக்குப் போகும் சிறுவன் வழியில் படுத்திருக்கும் நாயின் மீது கல்லெறிவதைத் தீன் என்றே நினைத்துக்கொள்கிறான். இது பெரும் பிழை. நஜீஸ் என்பது நம் கையையும் ஆடையையும் பாத்திரத்தையும் தொழுகைக்காக எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கான சட்டம். அந்தப் பிராணியின் உயிருக்கு அல்லாஹ்விடம் என்ன மதிப்பு என்பதற்கான தீர்ப்பு அல்ல.

இதற்கு ஃபிக்ஹு நூல்களிலேயே தெளிவான சான்று இருக்கிறது. பயணத்தில் ஒருவரிடம் ஒளுச் செய்ய மட்டுமே தண்ணீர் இருக்கிறது. உடன் வரும் பிராணி தாகத்தால் தவிக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? தண்ணீரைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். ஹனஃபி நூலான துர்ருல் முக்தார் இந்த இடத்தில் அவருடைய நாயையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஷாஃபிஈ நூல்களும் பயனுள்ள, தீங்கு செய்யாத நாயின் தாகத்தை இவ்வாறே மதிக்கின்றன. சற்று நின்று இதைச் சிந்தியுங்கள். அந்த நாய் நக்கிவிட்டால் அந்தத் தண்ணீர் ஒளுவுக்கு ஆகாது. ஆனால் அதே நாய் தாகித்திருந்தால், ஒளுவை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரை அதற்குக் கொடுக்க வேண்டும். இரண்டு சட்டங்களையும் தந்தது ஒரே ஷரீஅத்துதான். ஒன்றை எடுத்து மற்றதை விடுவோருக்கு அதில் சலுகை இல்லை.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஒரு தாய் நாயையும் அதன் குட்டிகளையும் பற்றிய மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்காகப் பதினாயிரம் பேர் கொண்ட படை போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு பெண் நாய் தன் குட்டிகளுக்குப் பாலூட்டியபடி, நெருங்குவோரைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஜுஐல் பின் சுராக்கா (ரலி) என்ற தோழரை அதன் அருகில் காவல் நிற்கச் செய்து, படையில் எவரும் அதற்கோ அதன் குட்டிகளுக்கோ இடையூறு செய்யாதவாறு பார்த்துக்கொள்ளப் பணித்ததாக வரலாற்றாசிரியர் வாகிதீ பதிவு செய்துள்ளார். மதீனாவில் ஒரு சமயம் நாய்களைக் கொல்ல உத்தரவு இருந்ததை எடுத்துக்காட்டுவோர், பொதுவாக அவ்வாறு கொல்வது பின்னர் தடுக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் தரும் பாடம்.

கற்பித்தல் என்னும் பொறுப்பு

அல்மாயிதா அத்தியாயத்தின் 4-ஆவது வசனம் வேட்டைக்குப் பழக்கப்பட்ட பிராணிகளைப் பற்றிப் பேசுகிறது. அவற்றுக்கு மனிதன் கற்பிப்பது, அல்லாஹ் மனிதனுக்குக் கற்பித்ததிலிருந்தே என்ற கருத்து அவ்வசனத்தில் அமைந்துள்ளது. பழகாத நாய் கடித்துக் கொன்றது ஹராம். முறைப்படி பழக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏவிய நாய் பிடித்துக் கொன்றது ஹலால். நாய் அதேதான், பல்லும் அதேதான். இடையில் வந்தது கல்வி ஒன்றே. கல்வியின் சிறப்புக்கு அறிஞர்கள் இதையும் ஒரு சான்றாகக் காட்டினார்கள்.

கல்வி கற்ற நாய் எது? ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தானே தின்னாமல் எஜமானுக்காக வைத்திருக்க வேண்டும். இது ஒரு முறை நிகழ்ந்தால் போதாது. இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோர் மூன்று முறை தின்னாமல் விட்டிருக்க வேண்டும் என்றனர். ஆகப் பழக்குதல் என்பதே திரும்பத் திரும்பப் பொறுமையோடு செய்வதுதான். பசியுள்ள பிராணிக்குத் தன்னை அடக்கக் கற்பிப்பவன், கோபத்தில் தன்னை அடக்க முடியாதவனாக இருந்தால் அவன் கற்பிப்பது எதனை?

குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரிப்பதில் தொடங்குகிறது பல தவறுகள். 8 வாரம் நிறையும் வரை அது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் இருக்க வேண்டும். கடித்தால் வலிக்கும், எவ்வளவு கடிக்கலாம் என்ற முதல் பாடத்தை அது அங்கேதான் படிக்கிறது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் அரசு விதியும் கூறுகிறது. நாய் விற்பனை ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. பயனுள்ள நாயை விற்பதை ஹனஃபி மத்ஹப் அனுமதிக்கிறது. ஆகவே அன்பளிப்பாகப் பெறுவது இரு சாராருக்கும் பேணுதலானது.

பிறந்த 3-ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12-ஆம் வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே தன் உறவாகக் கொள்கிறது என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு சோதனைக்குப் பின் 1965-இல் நூலாக எழுதினார்கள். ஆட்டுப் பட்டிக்கென்று வளர்க்கும் குட்டியை அந்த வயதிலேயே ஆடுகளுக்கு அருகில் வைத்துப் பழக்க வேண்டும். வளர்ந்த பிறகு கொண்டுபோய் விட்டால் அது ஆட்டைத் துரத்தும்.

வந்த முதல் சில இரவுகள் குட்டி அழும். தாயைப் பிரிந்த அழுகை அது. அதை அடித்து அடக்க முடியாது. கதகதப்பான சாக்கும், காற்று மழை படாத மூலையும் கொடுத்தால் சில நாளில் அடங்கும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிச் சென்றால் மலஜலம் அங்கேதான் என்று கற்றுக்கொள்ளும். 'வா', 'இரு', 'விடு' என்ற சொற்களை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அத்தா ஒரு சொல்லும் பிள்ளை ஒரு சொல்லும் சொன்னால் குட்டி எதற்குக் கீழ்ப்படியும்? சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு தீனி கொடுத்தால் மனதில் பதியும். காலையில் செய்த தவறுக்கு மாலையில் அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்றே அதற்குத் தெரியாது. அடிப்பவரின் கையை அஞ்சக் கற்றுக்கொள்வது ஒன்றே மிச்சம். அஞ்சும் நாய் ஒருநாள் கடிக்கும். பிறகு, "இது வெறிபிடித்த ஜாதி" என்று நாமே பழியும் சொல்வோம்.

நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டால் காவல் குணம் வளரும் என்பது பரவலான நம்பிக்கை. வளர்வது மூர்க்கம்தான். எப்போதும் கட்டிவைத்த நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் இருப்பதை 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே எழுதியுள்ளது.

உணவும் நோயும்

குட்டிக்குச் சிறுகச் சிறுக, ஒரு நாளில் மூன்று நான்கு முறை தீனி வேண்டும். கூழ், சோறு, வேகவைத்த முட்டை, இறைச்சித் துணுக்கு போதும். சுத்தமான தண்ணீர் எப்போதும் தட்டில் இருக்க வேண்டும். பிரியாணி வைத்த அன்று மிஞ்சிய கோழி எலும்பைப் போடுவது வழக்கமாக உள்ளது. வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. அன்பின் பெயரால் செய்யும் தீங்கும் தீங்குதான்.

குர்பானி நாட்களில் இன்னொரு எச்சரிக்கை தேவை. ஆட்டின் ஈரல், நுரையீரலில் சில சமயம் நீர்க்கட்டிகள் காணப்படும். அவற்றைப் பச்சையாக நாய்க்கு எறிந்தால் ஒருவகை நாடாப்புழு அதன் குடலில் வளர்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தில் வெளியேறி, ரோமத்திலும் மண்ணிலும் ஒட்டி, நம் பிள்ளைகளின் கை வழியே வாய்க்குச் சென்று, மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டியை உண்டாக்குகின்றன. ஆகவே அத்தகைய கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். குட்டிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ஊசி, பின்னர் மருத்துவர் கூறும் நாளில் மறு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் போட வேண்டும். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய் மூலமே வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சந்தேகத்துக்குரிய பிராணியிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடிபட்டவுடன், அது நம் வீட்டுக் குட்டியின் பல்லாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே ஊசி இலவசம். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டிலிருந்து இந்த நோய்க்கு எதிராக உழைத்து வந்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் காயத்தில் சுண்ணாம்பு தடவுவதும், நூல் ஓதிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதும் தகுமா? ஓதுவது நன்மை, ஓதிவிட்டு மருந்தை விடுவது நன்மையன்று. பாத்திரத்தை ஏழு முறை கழுவும் சட்டம் வெறிநோய்க்கான சிகிச்சை என்று சிலர் எழுதுகிறார்கள். அச்சட்டம் வணக்கத்துக்குரியது; ஊசிக்குப் பதிலாக அதைக் காட்டுவது தீனுக்கும் உதவாது, உயிருக்கும் உதவாது.

கட்டியவனே பொறுப்பாளி

"மனிதர் பசித்துக் கிடக்க, நாய்க்கு இவ்வளவு உபசாரமா?" என்று சிலர் கேட்கலாம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்மணி நரகம் புகுந்த ஹதீஸை அவர்கள் நினைவுகூரட்டும். உலகத்துப் பூனைகள் எல்லாவற்றுக்கும் சோறு போடவில்லை என்று அவள் பிடிக்கப்படவில்லை. தான் கட்டிய ஒன்றுக்காகவே பிடிக்கப்பட்டாள். நம்மிடமும் உலகத்து நாய்கள் எல்லாவற்றையும் பற்றிய கணக்கு கேட்கப்படப்போவதில்லை. நம் கையால் தூக்கி வந்து, நம் வாசலில் கட்டிய ஒன்றைப் பற்றிக் கேட்கப்படும். கயிற்றைக் கட்டிய கை எதுவோ அந்தக் கைக்கே கடன்.

அப்படியானால் பிடிக்கவில்லை என்றதும் அவிழ்த்து விட்டால் கடன் தீர்ந்ததா? நம் பகுதியில் பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் போட்டுவிட்டு வரும் வழக்கம் உண்டு. வீட்டுத் தீனியில் வளர்ந்த குட்டி தெருவில் தானாகப் பிழைக்காது. பிழைத்தாலோ, ஊசியில்லாமல் பெருகி, பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் கடிக்கும். பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் குற்றம். 2025 ஆகஸ்டில் டில்லியின் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அதைத் திருத்தி, கருத்தடையும் ஊசியும் போட்டவற்றை மீண்டும் விடலாம், வெறிநோயுள்ளதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றது. நாடே இதைப் பற்றி வாதிட்டது. அந்தத் தெருநாய்க் கூட்டத்தில், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஆசையாகத் தூக்கி வந்த குட்டிகளும் அவற்றின் சந்ததிகளும் உண்டு என்பதை அந்த வாதத்தில் நினைத்தவர் குறைவு.

கடைசியாக, முதுமை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் குட்டியின் கண் மங்கும், காது மந்தமாகும், காவலுக்கு ஆகாது. தேவை தீர்ந்தது, எனவே அனுமதியும் தீர்ந்தது என்று விரட்டிவிட ஃபத்வா தேடுவோர் இருக்கிறார்கள். இன்னும் வேலை செய்யத் தொடங்காத குட்டியை, நாளை செய்யும் என்று எதிர்பார்த்து அனுமதித்ததல்லவா நம் ஃபிக்ஹு? அப்படியானால் நேற்று வரை செய்து முடித்ததற்கு ஒரு பிடி சோறும் ஒரு மூலையும் கொடுக்க நம்மால் முடியாதா? வளர்ப்பவன் தன் பிராணிக்குத் தீனி கொடுப்பது கடமை என்று எழுதிய நம் முன்னோர், அது உழைக்கும் நாள் வரை மட்டும் என்று எழுதவில்லை.

குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் திருமறை, அவர்களின் நாய் வாசற்படியில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததையும் விட்டுவிடாமல் கூறுகிறது. அவர்களின் எண்ணிக்கையைப் பற்றி மக்கள் பேசியதைச் சொல்லும்போதும் நாயைச் சேர்த்தே சொல்கிறது. அது உள்ளே வரவில்லை, வாசலில்தான் இருந்தது. வாசலில் இருந்தும் அது கணக்கில் விடுபடவில்லை. நம் வீட்டு நாய்க்கும் இடம் வாசல்தான். ஆயினும் அதுவும் நம் பொறுப்பில் உள்ள கணக்கு.

எனவே குட்டியைத் தூக்கி வருமுன் ஒவ்வொரு குடும்பமும் கூடி உட்கார்ந்து யோசிக்கட்டும். நமக்கு மெய்யான தேவை இருக்கிறதா? இடம் இருக்கிறதா? பழக்கப் பொறுமை இருக்கிறதா? அது கிழடாகும் வரை வைத்திருக்க மனம் இருக்கிறதா? இல்லையென்றால் கொண்டுவராமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. உண்டு என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏற்றுக்கொள்வோம். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட எல்லா அமானிதங்களையும், பேசத் தெரியாத ஜீவன்களின் அமானிதம் உட்பட, உரிய முறையில் நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.